லீடா... லெட்டா?

பத்திரிகையில் சேர்ந்த புதிதில், லே-அவுட் பண்ணுகிற நண்பரிடம், ‘‘இந்தப் பக்கத்தில் லீடிங்கைக் கொஞ்சம் குறைங்களேன்’’ என்றேன். கம்ப்யூட்டரிலிருந்து கண்ணை எடுக்காமலே, ‘‘சார், அது லீடிங் இல்ல, லெடிங்’’ என்றார். பி.காம். படித்தவனுக்குத் தெரிந்ததெல்லாம் லெட்ஜர்தானே!

வரிகளுக்கு நடுவே விடுகிற இடைவெளிக்கு அந்தப் பெயர். எழுத்துக்களைக் கையால் கோத்து அச்சடித்த காலத்தில், இரண்டு வரிகளுக்கு நடுவே மெல்லிய காரீயப் பட்டையைச் செருகுவார்கள். பட்டை போயே போச்சு. பெயர் மட்டும் கம்ப்யூட்டருக்குள் குடியேறிவிட்டது.

எல், ஈ, ஏ, டி. நாலே எழுத்து. ‘லீட்’ என்று படித்தால் வழிநடத்து, முன்னிலை, செய்தியின் முதல் பாரா. ‘லெட்’ என்று படித்தால் காரீயம். அமெரிக்கப் பத்திரிகைக்காரர்கள் பலர் இந்த வம்பே வேண்டாமென்று முதல் பாராவுக்கு மட்டும் ஏ-யை எடுத்துவிட்டு, கடைசியில் ஓர் ஈ சேர்த்து எழுதுகிறார்கள். 1968-ல் லண்டனில் ஆரம்பித்த ராக் குழு லெட் ஸெப்ளினும், ஜனங்கள் ‘லீட்’ என்று படித்துவிடப் போகிறார்களே என்று அந்த ஏ-யைக் கழற்றிவிட்டது. பென்சிலுக்குள் இருப்பதையும் ‘லெட்’ என்கிறோம். அதில் காரீயம் துளிகூடக் கிடையாது, வெறும் கிராஃபைட். இங்கிலாந்துக்காரர்கள் அந்தக் காலத்தில் அதைக் காரீயத்தின் சொந்தக்காரன் என்று நினைத்து வைத்த பெயர். பிழை என்று தெரிந்த பிறகும் திருத்தவில்லை.

இப்படி ஆங்கிலத்தைக் கிண்டலடித்துக்கொண்டு ஒருநாள் வீட்டு சமையலறைக்குள் போனேன். அடுப்பில் ஈயச் சொம்பு, உள்ளே ரசம். வாய் மூடிக்கொண்டது.

நாமும் அதையேதான் செய்கிறோம். ஒரே உச்சரிப்பு, ஒரே எழுத்து, ஆனால் இரண்டு உலோகம். ரசம் வைக்கிற ஈயம் வெள்ளீயம். 232 டிகிரியில் உருகிவிடும் என்பதால்தான் காலிச் சொம்பை அடுப்பில் வைக்கக் கூடாது என்பார்கள் பாட்டிகள். குழந்தைகளின் மூளையைப் பாதிக்கிற ஈயம் காரீயம். உடம்பில் இவ்வளவு இருந்தால் பரவாயில்லை என்று சொல்லும்படியான அளவே அதற்குக் கிடையாது என்கிறது உலக சுகாதார நிறுவனம். புளிக்கரைசல் பட்டால் அது கரைந்து ரசத்தோடு வரும். நம் செய்திகளோ, ‘ரத்தத்தில் ஈயம்’ என்று மொட்டையாகப் போடுகின்றன. நானும் அப்படித் தலைப்பு வைத்திருக்கிறேன். படிக்கிறவர் சொம்பைத் தூக்கிப் போடுவதா, வைத்துக்கொள்வதா? ஒரு ‘கார்’ சேர்த்தால் இடம் போதாதாமா? லெடிங்கைக் குறைத்தால் ஆச்சு!

போன மாதம் பாத்திரக் கடையில் புதுச் சொம்பு ஒன்றைக் கையில் எடுத்து, ‘‘இது வெள்ளீயமா, காரீயமாங்க?’’ என்று கேட்டேன்.

கடைக்காரர் சொம்பை வாங்கி ஒரு தட்டுத் தட்டிவிட்டு, ‘‘நல்ல ஈயம் சார்’’ என்றார்.