பந்தயத்தைச் சுமப்பது யார்?

ஃபார்முலா 1 கார்களின் மேல் எழுதியிருக்கும் பெயர்களில் எத்தனையைக் ஊட்டி காந்தல் கடைவீதியில் வாங்க முடியும்? எஞ்சின் ஆயில் ஒன்றிரண்டு தேறும். மற்றவற்றில் பல கணினி நிறுவனங்கள், விலை உயர்ந்த கைக்கடிகாரங்கள். லூயி விட்டான் கைப்பைகளை விற்கும் எல்விஎம்எச் குழுமம் 2025 முதல் பத்தாண்டு ஒப்பந்தம் போட்டிருக்கிறது. ஃபார்முலா 1 குறிவைக்கும் வாடிக்கையாளர் யார் என்பது இதிலேயே தெரிந்துவிடுகிறது.

இந்தியாவில் ஃபார்முலா 1 நிலைக்காததற்கு எல்லோரும் வரியைச் சொல்கிறார்கள். கிரேட்டர் நொய்டாவில் 2011 முதல் 2013 வரை மூன்றே பந்தயங்கள். மூன்றிலும் செபாஸ்டியன் வெட்டல்தான் வென்றார். உத்தரப் பிரதேச அரசு அதை விளையாட்டாக ஏற்காமல் கேளிக்கை வரி கேட்டது உண்மை. ஆனால் 2023-ல் ஹைதராபாதுக்கு வந்த ஃபார்முலா இ, அதே ஆண்டு கிரேட்டர் நொய்டாவுக்கு வந்த மோட்டோஜிபி இரண்டும் அடுத்த ஆண்டு திரும்பவில்லையே! கோளாறு கணக்கில் இருக்கிறது. ஃபார்முலா 1 நடத்துபவர் ஆண்டுதோறும் பெருந்தொகை கட்ட வேண்டும். தொலைக்காட்சிப் பணம் ஃபார்முலா 1 உரிமையாளருக்குப் போய்விடும். நடத்துபவர் கையில் மிஞ்சுவது பெரும்பாலும் டிக்கெட் வசூல்தான்.

நம் ஊரில் பந்தயத்தைச் சுமந்து வந்தவை டயரும் பைக்கும். கல்லட்டி இறக்கத்தில் வண்டி ஓட்டும் காந்தல்காரருக்கு டயரின் பிடிப்பு உயிர்ப் பிரச்சினை. அந்தப் பிடிப்பைச் சோதிக்கப் பந்தயத்தைப் போல் வேறு களம் இல்லை. டிவிஎஸ் 1982 முதல் பந்தயத்தில் இருக்கிறது. எம்ஆர்எஃப் டயரில் ஓடிய ஸ்பெயின் வீரர் எஃப்ரேன் யரேனா 2022-ல் ஐரோப்பிய ராலி சாம்பியன் ஆனார். திருவொற்றியூரில் பலூன் செய்து தொடங்கிய கம்பெனிக்கு ஐரோப்பாவில் இதைவிடப் பெரிய விளம்பரம் கிடைக்காது.

பந்தயம் டயர் கம்பெனியின் பெயரைக் கெடுக்கவும் செய்யும். 2005 இண்டியானாபொலிஸ் ஃபார்முலா 1 பந்தயத்தில் தங்கள் டயர் ஒரு வளைவைத் தாங்காது என்று மிஷெலின் எச்சரித்ததால் பதினான்கு கார்கள் ஒதுங்கின. பிரிட்ஜ்ஸ்டோன் டயர் போட்ட ஆறு கார்கள் மட்டுமே ஓடின. கோவை நரேன் கார்த்திகேயன் நான்காவதாக வந்தார். ஃபார்முலா 1-ல் அவர் எடுத்த புள்ளிகள் அவை மட்டுமே. ரசிகர்களின் டிக்கெட் பணத்தை மிஷெலின் திருப்பிக் கொடுத்தது.

2024 ஆகஸ்ட் இறுதியில் சென்னைத் தீவுத்திடலைச் சுற்றி இரவில் ஃபார்முலா 4 ஓடியது. பார்க்க அழகாகத்தான் இருந்தது. ஆனால் தடுப்புகளைக் கழற்றியதும் அந்தச் சாலை பழையபடி சாலையாகிவிட்டது. இருங்காட்டுக்கோட்டைப் பந்தயத் தடமும் கோவை செட்டிப்பாளையம் கரி பந்தய மைதானமும் ஆண்டு முழுக்க இருக்கின்றன. கரி மைதானம் காந்தலிலிருந்து மலையிறங்கினால் எட்டும் தூரம். ஒரு வார இறுதிக் காட்சிக்கு ஒதுக்கும் அரசுப் பணத்தில் ஒரு பங்கையாவது, மலையிலிருந்து வரும் பிள்ளைகள் அங்கே பயிற்சி பெறவும் பந்தய உரிமம் எடுக்கவும் தமிழ்நாடு விளையாட்டு மேம்பாட்டு ஆணையம் தர வேண்டும்.