முழுக்க உலோகமாக வேண்டாம்

திட மின்பகுளி மின்தேக்கிகளில் நெடுங்காலம் கோலோச்சியது டாண்டலம். 1950களில் பெல் ஆய்வுக்கூடத்தில் உருவான அந்த மரபின் இலக்கணம் இன்றும் பெரிதாக மாறவில்லை. நுண்ணிய உலோகத் தூளை ஒரு கம்பியைச் சுற்றி அழுத்தி, வெற்றிட உலையில் சுட்டு, துளைகள் நிறைந்த வில்லையாக்குவார்கள். அதைப் பாஸ்பாரிக் அமிலக் கரைசலில் ஆனோடாக வைத்து மின்னழுத்தம் கொடுத்தால், துளைகளின் உட்சுவரெங்கும் பென்டாக்ஸைடு படலம் வளரும். மின்னைத் தடுத்து நிற்பது அந்தப் படலம்தான். அதன்மேல் மாங்கனீசு டை ஆக்ஸைடு, பிறகு கார்பன், வெள்ளி. தூளின் தரத்துக்கு முதன்மை உரைகல்: கிராமுக்கு எத்தனை மைக்ரோஃபாரட்-வோல்ட்.

டாண்டலத்துக்கு மாற்றாக நையோபியம் என்ற உலோகம் ஈர்த்தது எடையால்: டாண்டலத்தின் அடர்த்தி கன சென்டிமீட்டருக்கு 16.6 கிராம், நையோபியத்தின் அடர்த்தி 8.57. அதன் கனிமமும் பிரேசிலின் அரஷாவில் குவிந்து கிடக்கிறது. சோவியத் நாட்டினர் நையோபிய மின்தேக்கிகளைச் செய்தும் காட்டினார்கள். இடைஞ்சல் ஆக்ஸிஜனில் இருந்தது. சூடேறினால் படலத்திலுள்ள ஆக்ஸிஜன் கீழே இருக்கும் உலோகத்துக்குள் ஊர்ந்துவிடும். படலம் பழுதாகிக் கசிவு மின்னோட்டம் ஏறும்.

1990களின் இறுதியில் அமெரிக்காவின் காபட் நிறுவனத்தில் ஜேம்ஸ் ஃபைஃப் முன்வைத்த வழி, ஆனோடையே ஆக்ஸிஜன் ஏறிய பொருளாக வைத்துக்கொள்வது. நையோபியம் பென்டாக்ஸைடை உலோகம் வரை ஒடுக்காமல் நையோபியம் மோனாக்ஸைடில் நிறுத்திவிட வேண்டும். ஆக்ஸைடு என்றாலும் அது உலோகம்போல மின்கடத்தும். ஆக்ஸிஜன் ஏற்கெனவே நிறைந்திருப்பதால் படலத்திலிருந்து இழுக்கும் வேட்கையும் தணிந்துவிடும்.

எப்படி நிறுத்துவது?  இங்கே தராசை நம்பினால் போதும். ஒரு மூலக்கூறு பென்டாக்ஸைடுக்கு மூன்று நையோபிய அணுக்களைச் சேர்த்து ஹைட்ரஜன் சூழலில் ஆயிரம் டிகிரிக்கு மேல் சுட்டால் இரண்டும் கலந்து ஐந்து மோனாக்ஸைடுகள் ஆகும். எடையில் இரண்டும் ஏறக்குறையச் சரிபாதி. மிச்சம் எதுவுமில்லை, பிரித்தெடுக்கும் வேலையுமில்லை. எனக்கு மிகவும் பிடித்த வழி இதுதான். டாண்டலத் துணுக்குகளை ஆக்ஸிஜன் வாங்கியாக இட்டுப் பிறகு சலித்தெடுப்பது இன்னொரு வழி. மெக்னீசியத்தைக் கொண்டு ஒடுக்குவது மூன்றாவது. அதில் உண்டாகும் மெக்னீசியம் ஆக்ஸைடை அமிலத்தில் கழுவ வேண்டும். தூளின் தூய்மை அந்தக் கழுவலில் நிற்கிறது.

இனி உரைகல்லுக்கு வருவோம். நையோபியப் படலத்தின் மின்காப்பு மாறிலி சுமார் 41, டாண்டலத்துக்கு 27. ஆனால் ஒவ்வொரு வோல்ட்டுக்கும் நையோபியப் படலம் தடிமனாக வளர்வதால் அந்த லாபம் பெரும்பாலும் கரைந்துவிடுகிறது. கசிவிலும் புதியது பின்தங்குகிறது: டாண்டலத்துக்குக் கொள்திறன்-வோல்ட் பெருக்கலில் நூறில் ஒரு பங்கு வரம்பென்றால், இதற்கு நூறில் இரண்டு. பழைய கணக்கில் இது தோற்ற மரபே.

கணக்கு மாறுவது மின்தேக்கி சாகும் விதத்தில். டாண்டலம் உடைந்து குறுஞ்சுற்றானால், சூட்டில் மாங்கனீசு டை ஆக்ஸைடு விடும் ஆக்ஸிஜனைக் கொண்டே உலோகம் எரியக்கூடும். மோனாக்ஸைடில் உடைந்த இடத்தைச் சுற்றி மின் ஓடத் தயங்கும் நையோபியம் டை ஆக்ஸைடு உண்டாகிறது. மின்தடை பல ஆயிரம் ஓம் அளவில் நிற்கிறது, சுற்றும் பெரும்பாலும் ஓடிக்கொண்டிருக்கிறது. ஏ.வி.எக்ஸ். நிறுவனம் ‘ஆக்ஸிகேப்’ என்று விற்றது இந்தக் குணத்தைத்தான்.

வடிவமைப்பாளருக்கு இது காசு. டாண்டலத்தை அதற்குக் குறித்த மின்னழுத்தத்தில் பாதியில்தான் ஓட்டச் சொல்வார்கள். 5 வோல்ட் தடத்துக்கு 10 வோல்ட் உறுப்பு தேவைப்படும். மோனாக்ஸைடுக்கு 20 விழுக்காடு குறைத்தால் போதும், 6.3 வோல்ட் உறுப்பே தாங்கும். காரின் 12 வோல்ட் தடத்துக்கு மட்டும் இதைக் கொண்டுபோகாதீர்கள். இந்த மரபின் வீச்சு 10 வோல்ட் அளவிலேயே முடிந்துவிடுகிறது.