சேலத்துச் செடிகளுக்கு ஒரு திறவுகோல்

சேலம், நாமக்கல் சமவெளியின் தரிசு நிலங்களில் இரண்டு நெருஞ்சில்கள் வளர்கின்றன. இரண்டும் மஞ்சள் பூப் பூப்பவை. இரண்டின் காயிலும் முள் உண்டு. சிறு நெருஞ்சிலுக்குக் கூட்டிலை; அதன் ஐந்து இதழ்களும் தனித்தனியானவை. யானை நெருஞ்சிலுக்குத் தனியிலை. இதழ்கள் இணைந்து குழலாகியிருக்கும். முன்னது டிரிபுலஸ் டெரஸ்ட்ரிஸ். பின்னது பெடாலியம் மூரெக்ஸ். குடும்பங்களே வேறு! பெயரை மட்டும் நம்பி மருந்துக்குச் செடி பறித்தால் என்ன ஆகும் என்பதை வாசகர்களே எண்ணிப் பார்க்கலாம்.

இத்தகைய ஐயங்களைத் தீர்க்க எந்த நூலை நாடுவது? காம்பிள் தொடங்கி ஃபிஷர் முடித்த சென்னை மாகாணத் தாவர நூல் 1915 முதல் 1936 வரை வெளிவந்தது. அது மாகாணம் முழுவதற்கும் உரியது, படங்கள் இல்லாதது. நம் பகுதிக்கென்றே எழுந்த பெருநூல், அருட்தந்தை கே. எம். மேத்யூவின் 'தமிழ்நாடு கர்நாடிகத் தாவரங்கள்' ஆகும். திருச்சி தூய வளனார் கல்லூரியில் 1967-இல் தோன்றிய ராப்பினாட் உலர்தாவரகமே அதன் பிறப்பிடம். ஆதாரத் தொகுதி 1981-இலும், படத் தொகுதி 1982-இலும், மூன்று பகுதிகளான மூலநூல் 1983-இலும் வெளிவந்தன. சேர்வராயன், கொல்லிமலைச் செடிகளும் இதில் அடங்கும்.

இந்நூலின் சிறப்பு அதன் நாணயத்தில் இருக்கிறது. உலர்தாவரகத்தில் ஒவ்வொரு செடியும் அழுத்தி உலர்த்தப்பட்டு, தாளில் ஒட்டப்பட்டு, கிடைத்த இடம், நாள், சேகரித்தவர் பெயர், எண் ஆகிய குறிப்புகளுடன் வைக்கப்படுகிறது. ஆசிரியர் கூற்றில் ஐயம் எழுந்தால் தாளை எடுத்து எவரும் சரிபார்க்கலாம். நூலைப் பிழையென்று காட்டும் வழியையும் அதுவே திறந்து வைக்கிறது. அறிவியலுக்கு வேண்டியது இதுதான்.

குறைகளையும் கூறத்தான் வேண்டும். முதலாவது, பெயர்கள் பழையனவாகிவிட்டன. நூல் வெளிவந்தபோது அகேசியா லூக்கோஃபுளோயியா என வழங்கிய வெள்வேல், இன்று வாச்செல்லியா பேரினத்தைச் சேர்ந்தது. இரண்டாவது, நாமக்கல் 1997-இல்தான் தனி மாவட்டமாயிற்று. ஆகவே நாமக்கல் மாணவர் தம் ஊர்ச் செடியைச் சேலம் மாவட்டத்தின் கீழ்த் தேட வேண்டும். இவை காலத்தால் வந்த குறைகள், ஆசிரியர்மேல் பழியில்லை.

மூன்றாவது குறையே பெரிது. பல தொகுதிகளைச் சுமக்க இயலாத மாணவருக்காக 1991-இல் மேத்யூ மத்தியத் தமிழ்நாட்டிற்கு ஒரே தொகுதியில் களநூலும் தந்தார். அதுவும் ஆங்கிலத்திலேயே உள்ளது. செடியை இனங்காண உதவும் திறவுகோல் என்பது எதிரெதிரான இரு கூற்றுகளில் ஒன்றைத் தேர்ந்து, படிப்படியாகச் செல்லும் முறை. 'இலை தனியிலையா, கூட்டிலையா?' என்று தமிழில் கேட்டால் எட்டாம் வகுப்பு மாணவரும் விடை கூறுவார். அதே கேள்வி ஆங்கிலக் கலைச்சொற்களில் வரும்போது, தமிழ் வழியில் பயின்ற பட்டதாரியும் தயங்குகிறார்.

முழு நூலையும் பெயர்க்க வேண்டுமென்று நாம் கேட்கவில்லை. சமவெளியில் சாதாரணமாகக் காணும் இருநூறு செடிகளுக்குப் படமும், தமிழ்த் திறவுகோலும், இன்றைய தாவரவியல் பெயரும், ஊர்ப்பெயரும் கொண்ட கையேடு ஒன்று போதும். அடிப்படை உழைப்பு முடிந்து, சான்றுத் தாள்கள் திருச்சியில் இருக்கின்றன. இப்பகுதிக் கல்லூரிகளின் தாவரவியல் துறைகள் கூடி முனைந்தால் இது கைகூடும். அதுவரை, சேலத்துச் செடிகளைப் பற்றிய நம் சிறந்த நூல் சேலத்து மாணவர் பலருக்கு எட்டாத நூலாகவே இருக்கும்.