தெரிந்த விடையைத் தேடும் கலை

மேஜிக்கின் கிளைகளில் மிகக் குறைந்த சாமான்களோடு நடப்பது மெண்டலிசம். ஒரு பென்சில், நாலைந்து உறைகள், ஒரு சீட்டுக்கட்டு, கைக்குக் கிடைத்த ஏதோ ஒரு புத்தகம் இருந்தால் போதும். பார்வையாளர் மனதில் நினைத்ததைக் கலைஞர் சொல்லிவிடுகிறார். பெரும்பாலான உருப்படிகளில் அந்த விடை அவருக்கு முன்பே கிடைத்திருக்கும். கிடைத்ததைக் கிடைக்காததுபோல் தேடிக் காட்டுவதில்தான் இதன் சிரமமும் ருசியும் இருக்கின்றன.

இருவர் சேர்ந்து செய்யும் ‘இரண்டாம் பார்வை’ பழைய வடிவங்களில் ஒன்று. பாரிஸில் 1846இல் மேஜிக் கலைஞர் ராபர்ட்-ஹூடின் தன் மகன் எமிலை மேடையில் கண்ணைக் கட்டி உட்காரவைத்துவிட்டு, சபைக்குள் நடந்து, ஆளாளுக்கு நீட்டிய பொருள்களைக் கையில் வாங்கினார். பையன் அவற்றை ஒவ்வொன்றாக விவரித்தான். கேட்கும் கேள்வியின் சொற்களிலேயே விடையைப் பொதிந்து அனுப்பும் குறிமொழி இவ்வகைக் காட்சிகளுக்கு அடிப்படை. அதற்கும் மேலே அபார நினைவாற்றல் வேண்டும். அப்பாவும் பிள்ளையும் பொம்மைக்கடைக் கண்ணாடியை ஒரு பார்வை பார்த்தபடி கடந்துபோய், சற்றுத் தள்ளி நின்று, கண்டதையெல்லாம் எழுதிப் பழகினார்கள். பிள்ளைதான் முந்துவான் என்று அப்பா தன் நினைவுக்குறிப்புகளில் எழுதியிருக்கிறார். 1907இல் சென்னை விக்டோரியா மண்டபத்தில், ஒரே சமயத்தில் நூறு விஷயங்களில் கவனம் வைக்கும் சதாவதானம் செய்த செய்குத்தம்பிப் பாவலர் நினைவாற்றலையே சபை நடுவில் வைத்தார். பாராட்டும் அதற்கே கிடைத்தது. இரண்டாம் பார்வையில் அதே உழைப்பு வெளியே தெரியக் கூடாது. தெரிந்தால் எமில் வெறும் கெட்டிக்காரப் பையன்.

தசை வாசிப்பு வேறு ரகம். இதில் கலைஞருக்கு உண்மையிலேயே விடை தெரியாது. 19ஆம் நூற்றாண்டின் கடைசியில் வாஷிங்டன் இர்விங் பிஷப்பும் ஸ்டூவர்ட் கம்பர்லாந்தும் இதில் பேர் பெற்றவர்கள். அரங்கில் எங்கோ ஒரு குண்டூசியை ஒளித்துவைப்பார்கள். இடம் தெரிந்த ஒருவர் கலைஞரின் மணிக்கட்டைப் பிடித்துக்கொண்டு, வாய் திறக்காமல், அந்த இடத்தையே நினைக்க வேண்டும். கலைஞர் இடப்பக்கம் ஓர் அடி வைக்கிறார்; பிடித்த கை இம்மியளவு பின்தங்குகிறது. வலப்பக்கம் திரும்புகிறார், கை இளகி உடன் வருகிறது. பிடித்தவருக்குத் தான் எதுவும் செய்ததாகவே தோன்றாது. எண்ணம் இப்படி நம்மை அறியாமல் தசையில் இறங்குவதை வில்லியம் கார்ப்பென்டர் 1852இலேயே விளக்கியிருந்தார். விளக்கம் தெரிந்த பிறகும் ரசனை குறையாத அபூர்வ உருப்படி இது. சூட்சுமம் தெரிந்தவர் அந்தக் கையின் நுட்பத்தை இன்னும் கூடுதலாகவே வியப்பார். அமெரிக்கரான கிரெஸ்கின் தன் சம்பளக் காசோலையையே சபையாரிடம் கொடுத்து ஒளிக்கச் சொல்வார். கண்டுபிடிக்காவிட்டால் அன்றைய சம்பளம் போச்சு. சில முறை போயும் இருக்கிறது.

துண்டுச்சீட்டு வித்தைகளை மெருகேற்றியவர்களில் முக்கியமானவர் தியோடர் ஆனெமான். 1934இல் அவர் தொடங்கிய ‘தி ஜின்க்ஸ்’ இதழில் வந்த முறைகள் இன்றும் மேடையில் உயிரோடு இருக்கின்றன. பின்னால் டோனி கொரிண்டா பதின்மூன்று படிகளாக எழுதிய நூல் இத்துறையின் பாலபாடம் ஆனது. பார்வையாளர் தான் நினைத்ததை எழுதிய சீட்டை எட்டிப் பார்க்கும் அரைக்கணத்தை யார் கண்ணிலும் படாத இடத்தில் ஒளிப்பதுதான் தொழில்திறன். கைத்திறமை மட்டும் உள்ளவர் சீட்டைப் பார்த்த மறுகணமே விடையைச் சொல்லிவிடுவார், காட்சியும் அங்கேயே படுத்துவிடும். தேர்ந்தவர் சீட்டைக் கீழே வைத்து, அதை மறந்து, வேறு ஏதோ பேசி, பிறகே மெல்லத் தேடத் தொடங்குவார்.

இந்தத் தேடலை உச்சத்துக்குக் கொண்டுபோனவர் போலந்தில் பிறந்து பிரிட்டனில் புகழடைந்த சான் கனாஸ்டா. 1950களில் பிபிசி தொலைக்காட்சியில் வந்தார். மேஜையில் புத்தகங்களும் சீட்டுக்கட்டும் மட்டும் இருக்கும். தான் செய்பவை வித்தைகள் அல்ல, பரிசோதனைகள் என்பார். சில பலிக்காது. மன்னிப்புக் கேட்காமல் தோளைக் குலுக்கிவிட்டு அடுத்ததற்குப் போவார். பலிக்காமலும் போகலாம் என்ற எண்ணம் ஒருமுறை வந்துவிட்டால், பலிப்பதன் எடையே மாறிவிடுகிறது. ஆட்டின் (ஹார்ட்) ஏழு சீட்டை நினைத்தவரிடம் ‘சிவப்பு... டைமன்... இல்லை, ஆட்டின்’ என்று தடுமாறி ஏழுக்கு வருவது, பளிச்சென்று ‘ஆட்டின் ஏழு’ என்பதைவிடப் பல மடங்கு நம்பவைக்கும். ஆனால் தடுமாற்றத்தை அளவாகப் பரிமாற வேண்டும். ஒவ்வொரு உருப்படியிலும் நெற்றியைத் தடவினால் சபை கொட்டாவி விடும்.

மேடைக்கும் மேஜைக்கும் இந்த அளவு வேறுபடும். மேடையில் கடைசி வரிசைக்கும் விடை தெரிய வேண்டும். அதனால் பெரிய பலகையில் முன்பே எழுதித் திருப்பிவைத்துவிட்டு, நினைத்ததைப் பார்வையாளர் வாயாலேயே சொல்லவைத்த பிறகு பலகையைத் திருப்புவார்கள். இரண்டடி தூரத்தில் உட்கார்ந்திருப்பவரிடம் பலகைக்கு வேலையில்லை. அங்கே குரலைத் தாழ்த்தி, அவர் பள்ளித் தோழியின் பெயரில் முதலெழுத்தை மட்டும் சொல்லி நிறுத்தினால் போதும். மீதியை அவரே முடித்துவிடுவார்.