ஆள்வோர் பெயரும் ஆட்சிப்பகுதியின் பெயரும்: மலாய் அரசுகளைக் குறிக்கும் தமிழ்ச் சொற்கள் குறித்து ஒரு மதிப்பீடு

முன்னுரை

மொழிபெயர்ப்பு வகுப்பொன்றில், 1924ஆம் ஆண்டு வழக்கு ஒன்றைப் பற்றிய பத்தியைத் தமிழாக்குமாறு மாணவரைப் பணித்திருந்தேன். டஃப் நிறுவனம் கிளந்தான் அரசாங்கத்தின்மீது தொடுத்த வழக்கு அது. கிளந்தான் இறைமையுடைய அரசு என்றும் சுல்தானே அதன் ஆட்சியாளர் என்றும் பிரிட்டிஷ் குடியேற்ற நாட்டு அலுவலகம் தெரிவித்ததை ஏற்று, பிரபுக்கள் சபை அந்நிறுவனத்தின் கோரிக்கையைத் தள்ளிற்று. மாணவர் அனைவரும் ‘கிளந்தான் மாநிலம்’ என்றே எழுதினர். “ஒரு மாநிலம் எவ்வாறு இறைமையுடையதாகும்?” என்று அவருள் ஒருவர் பின்னர் வினவினார். வினா நேரியது. பிழை மாணவருடையதன்று; நாம் அவருக்கு அளித்த சொல்லினுடையது. இக்கட்டுரை அச்சொல்லையும் அதற்கு மாற்றாக வழங்கும் பிற சொற்களையும் மதிப்பிட முயல்கிறது.

தமிழ் மரபு

பழந்தமிழில் நிலப்பகுதி ஆள்வோரின் குடிப்பெயரால் அறியப்பட்டது. சேர நாடு, சோழ நாடு, பாண்டிய நாடு என்பனவற்றில் ‘நாடு’ பொதுச்சொல். ஆள்வோரின் தகுதிநிலையை அது சுட்டுவதில்லை. பிற்காலத்தில் பாளையம், சீமை, ஜமீன், சமஸ்தானம் எனச் சொற்கள் பெருகின. எனினும் வரையறை கூர்மையடையவில்லை. புதுக்கோட்டை பிரிட்டிஷார் ஏற்ற மன்னராட்சிப் பகுதி; இராமநாதபுரமோ 1803 முதல் ஜமீன். ஆயினும் தமிழ் வழக்கு இரண்டையுமே சமஸ்தானம் என்றது. இத்தகைய சொல்லை மலாய் அரசுகளுக்குப் பொருத்துவது, ஒரு குழப்பத்தை மற்றொரு மண்ணுக்கு ஏற்றுமதி செய்வதாகவே முடியும்.

‘மாநிலம்’ என்னும் சொல்

மாநிலம் என்பது பழைய இலக்கியங்களில் பரந்த உலகைக் குறித்தது. கூட்டாட்சியின் உறுப்பு என்னும் பொருள் அதற்கு அண்மைக் காலத்தில் வந்தது. இன்றைய வழக்கில் மாநிலம் என்றவுடன் அதற்குமேல் ஒரு நடுவண் அரசு உண்டு என்பது உடன் தோன்றும். இன்றைய மலேசியாவிற்கு அது பொருந்தும். ஆனால் 1874இல் பங்கோர் உடன்படிக்கை கையெழுத்தான பேராக்கிற்குப் பொருந்தாது. 1896இல் பேராக், சிலாங்கூர், நெகிரி செம்பிலான், பகாங் ஆகிய நான்கும் ஒரு கூட்டமைப்பாகிக் கோலாலம்பூரில் தலைமை ரெசிடெண்டின் அலுவலகம் அமைந்ததை மறுப்பாகக் காட்டலாம். எனினும் பிரிட்டிஷார் உடன்படிக்கை செய்துகொண்டது அந்தந்த ஆட்சியாளருடன்தான். ஜொகூர், கெடா, பெர்லிஸ், கிளந்தான், திரங்கானு ஆகிய ஐந்தும் அக்கூட்டமைப்பில் சேரவே இல்லை. பினாங்கு, மலாக்கா, சிங்கப்பூர் ஆகியவை 1867 முதல் முடியாட்சிக் குடியேற்றமாக நேரடியாக ஆளப்பட்டவை. இம்மூவகையையும் ஒரே சொல்லால் குறிக்கும் வரலாற்று நூல், வேறுபாட்டை விளக்கும் கடமையைத் தொடக்கத்திலேயே கைவிடுகிறது.

‘சுல்தானகம்’ போதுமா?

அண்மைக்கால எழுத்துகளில் சுல்தானகம் என்னும் ஆக்கம் பரவியுள்ளது. தமிழகம் என்பதில் உள்ள ‘அகம்’ இங்கும் பயில்வதால் ஒலியளவில் இயல்பாகவே அமைகிறது. மலாக்காவிற்கும் பேராக்கிற்கும் இது தகும். ஆனால் ஒன்பது மலாய் ஆட்சியாளருள் எழுவரே சுல்தான்கள். பெர்லிசின் ஆட்சியாளர் இராஜா. நெகிரி செம்பிலானில் நான்கு உண்டாங்குகள் தேர்ந்தெடுக்கும் யாங் டி பெர்துவான் பெசார் ஆள்கிறார். ஜொகூரில் அபு பாக்கார் தெமெங்கோங்காக இருந்து 1868இல் மகாராஜாவாகி, 1885இல் சுல்தானாக ஏற்கப்பட்டார். ஒருவர் வாழ்நாளிலேயே பட்டம் இருமுறை மாறியது. ஆகவே 1870ஆம் ஆண்டு அவர் ஆண்ட ஜொகூரைச் சுல்தானகம் என்பது காலவழு. அதே ஆண்டில் சரவாக்கையும் ‘இராஜா’ ஒருவரே ஆண்டார். அவர் புரூக் குடும்பத்து ஆங்கிலேயர்.

அமீரகம் என்னும் சொல்லிலும் இத்தகைய இடர்ப்பாடு உண்டு. 1971இல் உருவான நாட்டின் பெயர் அரபியில் பன்மை. தமிழில் அதனை ஐக்கிய அரபு அமீரகம் என ஒருமையாக்கியதால், துபாயும் சார்ஜாவும் தமக்குரிய சொல்லை இழந்து ‘மாநிலம்’ ஆயின.

கெராஜாஆனும் அரசும்

மலாய்மொழியில் ‘கெராஜாஆன்’ என்பது இராஜா என்னும் சொல்லடியாகப் பிறந்தது. இராஜாவை உடைய நிலையே அதன் பழம்பொருள் என ஏ. சி. மில்னர் 1982இல் வெளிவந்த தம் நூலில் விளக்கினார். இன்று மலேசியாவில் அது அரசாங்கத்தைக் குறிக்கிறது. இராஜா இல்லாத பினாங்கிலும் கெராஜாஆன் உண்டு. தமிழின் ‘அரசு’ சென்ற வழியும் இதுவே. அரசனோடு உறவுடைய அச்சொல் இன்று அரசனே இல்லாத குடியரசிலும் நிற்கிறது. இவ்வொப்புமை நமக்குப் பயன்படத்தக்கது. ஆட்சியாளரின் பட்டம் எதுவாயினும், ஒன்பதையும் தழுவும் பொதுச்சொல்லாக ‘மலாய் அரசு’ என்பதைக் கொள்ளலாம். சிற்றரசு என்பது ஏற்கத்தக்கதன்று. பேரரசர் ஒருவருக்குத் திறைசெலுத்தும் நிலையை அது உணர்த்தும்.

முடிவுரை

விடுதலைக்கு முந்திய காலத்திற்கு மலாய் அரசு என்றும், சுல்தான் ஆண்டமை உறுதியாகும் இடத்தும் காலத்தும் சுல்தானகம் என்றும், நேரடி ஆட்சிப் பகுதிகளுக்குக் குடியேற்றம் என்றும், கூட்டரசின் உறுப்புகளுக்கு மட்டும் மாநிலம் என்றும் வழங்குதல் நன்று. இது சொல்லாராய்ச்சியின் இன்பத்திற்காக மட்டும் கூறப்படுவதன்று. கூட்டரசு அரசமைப்பில் சபா, சரவாக்கைக் குறிக்கும் தொடரை மாற்றுவதற்கே 2021இல் ஒரு திருத்தம் தேவைப்பட்டது. தமிழ்ப்பள்ளியில் வரலாற்றைத் தமிழில் கற்று இடைநிலைப்பள்ளியில் மலாயில் தொடரும் மாணவர், ஒன்பது ஆட்சியாளர் மட்டுமே தம்முள் ஒருவரை மாமன்னராகத் தேர்வது ஏன் என்பதை, நாம் தரும் சொற்களின் வழியேதான் முதலில் அறிகின்றனர். அச்சொற்கள் வேறுபாட்டை மறைக்குமாயின், இந்நாட்டின் அமைப்பை அவர்கள் தம் தாய்மொழியில் சிந்திக்க இயலாது போகும். அன்று வகுப்பில் எழுந்த வினாவிற்கு இன்னும் நாம் முறையாக விடையளிக்கவில்லை.