மூன்று இரவு, மூன்று ஆப், ஒரு ஜன்னல்

போன முறை கோலாலம்பூர் போனபோது, அறைக்குள் நுழைந்ததும் திரைச்சீலையை விலக்கினேன். பின்னால் சுவர். ஜன்னல் இருக்கவேண்டிய இடத்தில் வெறும் வெள்ளைச் சுவர். அதை மறைக்க நல்ல நீலத் துணி. ரிசப்ஷனில் போய்ச் சண்டை போட்டேன். அங்கிருந்த பையன் கோபப்படவே இல்லை. என் போனை வாங்கி, நான் புக் செய்த அறையின் பெயரைக் காட்டினான். பெயரின் கடைசியிலேயே ‘ஜன்னல் இல்லை’ என்று இருந்தது. நான் படத்தைப் பார்த்தேனே தவிர பெயரைப் படிக்கவில்லை.

இந்த முறை ஏமாறுவதில்லை என்று முடிவு செய்து, பிரபலமான மூன்று புக்கிங் ஆப்களை போனில் ஏற்றினேன். கூடவே கூகுள் மேப்ஸ். நிபந்தனைகள் இவை: இரண்டு பேர், மூன்று இரவு, வரியெல்லாம் சேர்த்து ஓர் இரவுக்கு 150 ரிங்கிட்டுக்குள், பெட்டியை இழுத்துக்கொண்டு நடக்கும் தூரத்தில் ரயில் நிலையம், கட்டாயம் ஒரு ஜன்னல். ஒரு வாரம் தேடி, கடைசியில் போய்த் தங்கியும் பார்த்தேன். கண்ணில் பட்ட குறைகள் மூன்று ஆப்புக்கும் ஏறக்குறைய பொது என்பதால் எந்த ஆப்பில் எது என்று சொல்லப்போவதில்லை.

விலை: முதலில் ஒன்று, கடைசியில் ஒன்று

பட்டியலில் பார்த்த ஓர் அறை, இரவுக்கு 118 ரிங்கிட். மூன்று இரவுக்கு 354. கடைசிப் பக்கத்தில் 8 சதவீத சேவை வரி சேர்ந்து 382 ஆனது. அதற்கும் அடியில் சின்ன எழுத்தில் சுற்றுலா வரி. மலேசியாவில் வெளிநாட்டுப் பயணிகளிடம் ஓர் அறைக்கு ஓர் இரவுக்கு 10 ரிங்கிட் வாங்குகிறார்கள். 2017 முதல் இருக்கிறது. சில ஆப்கள் இதை முன்கூட்டியே பிடித்துக்கொள்கின்றன. சிலவற்றில் விடுதி கவுண்ட்டரில் கட்டவேண்டும். ஆக மொத்தம் 412. அதாவது 118 ரிங்கிட் அறையின் உண்மையான விலை 137.

‘வரி சேர்த்த மொத்த விலையைக் காட்டு’ என்ற தேர்வு செட்டிங்ஸில் எங்காவது ஒளிந்திருக்கும். முதலில் அதைத் தேடிப்பிடித்து ஆன் செய்யுங்கள். இன்னொன்று: ஆப் ரூபாயில் காட்டுகிறதே என்று ரூபாயிலேயே பணம் கட்டும் முன் ரிங்கிட்டுக்கு மாற்றி ஒருமுறை பாருங்கள். மாற்று விகிதத்தில் அவர்கள் வைத்திருக்கும் லாபம் அப்போதுதான் தெரியும். கார்டு நிறுவனம் வெளிநாட்டுச் செலவுக்குப் பிடிக்கும் கட்டணத்தையும் சேர்த்துக் கணக்குப் போட்டால், எது மலிவு என்பது சில நேரம் தலைகீழாகிவிடும்.

இரண்டு ஆப்களில் விலை ஒப்பிட்டதும் திருப்தியடைந்துவிடுபவர்களுக்கு ஒரு தகவல். புக்கிங்.காம், அகோடா இரண்டுமே புக்கிங் ஹோல்டிங்ஸ் நிறுவனத்தின் பிள்ளைகள். எக்ஸ்பீடியாவும் ஹோட்டல்ஸ்.காமும் ஒரே குழுமம். அண்ணன் கடையில் விலை கேட்டுவிட்டு தம்பி கடைக்குப் போவது போலத்தான். விலை மாறலாம், ஆனாலும் மூன்றாவதாக விடுதியின் சொந்த இணையதளத்தையும் பார்த்துவிடுவது நல்லது.

வரைபடம்: எந்த மையம்?

‘மையத்திலிருந்து 1.4 கி.மீ.’ என்று எல்லா விடுதிக்கும் கீழே எழுதியிருக்கிறது. எந்த மையம்? இரட்டைக் கோபுரம் நிற்கும் கே.எல்.சி.சி. ஒரு மையம். கடைகளும் இரவுச் சாப்பாடும் நிறைந்த புக்கிட் பிந்தாங் இன்னொன்று. ஆற்றோரப் பழைய நகரம் மூன்றாவது. ஆப் மனதில் எதை வைத்திருக்கிறது என்று கடைசிவரை பிடிபடவில்லை.

அதைவிட மோசம், ஆப் காட்டும் தூரம் காக்கை பறக்கும் தூரம். ‘ரயில் நிலையம் 350 மீட்டர்’ என்ற ஒரு விடுதிக்கு கூகுள் மேப்ஸில் நடைவழி போட்டேன். 900 மீட்டர் வந்தது. நடுவில் ஒரு நெடுஞ்சாலை. கோலாலம்பூரில் இது சகஜம். கண்ணெதிரே தெரியும் கட்டடத்துக்குப் போக மேம்பாலம் தேடி அலையவேண்டும். மதியத்துக்கு மேல் மழை பிடித்துக்கொண்டால் பெட்டியோடு சேர்த்து நாமும் நனைவோம்.

அதனால் விடுதியைத் தேடும் முன் ரயில் நிலையத்தைத் தேர்ந்தெடுத்தேன். பசார் செனி. விமான நிலைய முதல் முனையத்திலிருந்து எக்ஸ்பிரஸ் ரயிலில் 28 நிமிடத்தில் கே.எல். சென்ட்ரல், அங்கிருந்து எல்.ஆர்.டி. நகர ரயிலில் அடுத்த நிறுத்தமே பசார் செனி. அதே பாதையில் நான்காவது நிறுத்தம் கே.எல்.சி.சி. எம்.ஆர்.டி. என்ற இன்னொரு நகர ரயிலில் ஏறினால் இரண்டாவது நிறுத்தம் புக்கிட் பிந்தாங். பிரிக்ஃபீல்ட்ஸ் பகுதியையும் யோசித்தேன், வாழையிலைச் சாப்பாடு வாசலிலேயே கிடைக்கும். ஆனால் அங்கே 150-க்குள் ஜன்னல் வைத்த அறை எனக்கு அமையவில்லை. தொலைவில் மலிவாக அறை எடுத்து, மூன்று நாள் பயணத்தில் தினமும் ஒரு மணி நேரம் போக்குவரத்தில் போனால், அறையில் மிச்சம் பிடித்த 20 ரிங்கிட் டாக்சிக்கே போய்விடும்.

இந்த வேலையில் கூகுள் மேப்ஸ் கில்லாடி. ஸ்ட்ரீட் வியூவில் நிலையத்தின் வாசலிலிருந்து விடுதி வாசல்வரை விரலால் நடந்தே பார்த்தேன். நடைபாதை இருக்கிறதா, எதிரே ராத்திரி முழுக்கப் பாட்டு போடும் மதுக்கடை இருக்கிறதா, எல்லாம் தெரிந்துவிட்டது.

படங்களும் சதுர மீட்டரும்

அகலக் கோண லென்ஸில் எடுத்தால் அலமாரிகூட மாளிகையாகத் தெரியும். படத்தை விட்டுவிட்டு அறையின் பரப்பைப் பாருங்கள். நம் வீட்டு 10-க்கு 12 படுக்கையறை 11 சதுர மீட்டர்தான். மலிவு விடுதிகளில் 12 சதுர மீட்டர் என்றால், அந்த அளவுக்குள் பாத்ரூமும் அடக்கம். இரண்டு பெட்டிகளை ஒரே நேரத்தில் விரித்து வைக்க முடியாது.

‘ஜன்னல் உள்ள அறை’ என்று வடிகட்ட மூன்றில் எதிலும் சுலபமான வழி எனக்குக் கிடைக்கவில்லை. நீச்சல் குளத்துக்கும் ஜிம்முக்கும் பொத்தான் இருக்கிறது, வெளிச்சத்துக்கு இல்லை. ஒவ்வோர் அறையின் பெயரையும் கடைசி எழுத்துவரை படிப்பதுதான் வழி.

மதிப்பெண்ணும் மிரட்டலும்

8.4 என்ற மதிப்பெண் பல வருடங்களின் சராசரி. போன மாதம் பக்கத்து மனையில் கட்டட வேலை ஆரம்பித்திருந்தால் அதில் தெரியாது. எனவே விமர்சனங்களைப் புதியது முதலில் என்று அடுக்கினேன். பிறகு குறைந்த மதிப்பெண் தந்தவர்களை மட்டும் படித்தேன். ‘காலைச் சாப்பாடு சுமார்’ என்பவர்களை விட்டுவிடலாம். ‘சத்தம்’, ‘ஈர வாடை’, ‘மூட்டைப்பூச்சி’ மூன்றில் ஒன்று இரண்டு பேர் வாயில் வந்தால் அந்த விடுதிக்குக் கும்பிடு.

‘கடைசி ஓர் அறைதான்! இப்போது 11 பேர் பார்க்கிறார்கள்!’ என்ற சிவப்பு எழுத்தைப் பார்த்தால் எனக்கு வேட்டிக்கடை தள்ளுபடி ஞாபகம்தான் வரும். கடைசி அறை என்றால் அந்த ஆப்புக்கு ஒதுக்கியதில் கடைசி என்றும் அர்த்தம் இருக்கலாம். இப்படி அவசரப்படுத்துவதையும் கட்டணத்தை மறைப்பதையும் நிறுத்தும்படி பிரிட்டனின் போட்டி ஆணையம் 2019-ல் பெரிய தளங்களிடம் உறுதி வாங்கியது. இந்தியாவிலும் 2023 நவம்பரில் வந்த நுகர்வோர் வழிகாட்டுதல்கள், பொய்யான அவசரத்தையும் கடைசியில் கட்டணம் சேர்ப்பதையும் ஏமாற்று உத்திகளாகவே பட்டியலிட்டிருக்கின்றன. ஆகவே நிதானமாக ஒரு காபி குடித்துவிட்டு வாருங்கள்.

கேன்சல் வசதி இந்த ஆப்களின் நிஜமான வரம். இலவசமாக ரத்து செய்யக்கூடிய ஓர் அறையை முன்பே பிடித்துவைத்துவிட்டு, கடைசிவரை நல்லதைத் தேடலாம். ஒரே எச்சரிக்கை: கெடு நேரம் விடுதி இருக்கும் ஊர்க் கடிகாரப்படி. மலேசியா நமக்கு இரண்டரை மணி நேரம் முன்னால் ஓடுகிறது. அங்கே நள்ளிரவு என்றால் நமக்கு இரவு 9.30. நான் ரத்து செய்தது 9.20-க்கு.

தங்கியபோது

சென்னையில் இரவு விமானம் ஏறினால் விடிகாலையில் கோலாலம்பூர். செக்-இன் மதியம் 3 மணிக்கு. விடுதிக்கு முன்பே வாட்ஸ்ஆப்பில் எழுதி, பெட்டியை வைத்துக்கொள்வார்களா, மேல்தளத்தில் தெரு சத்தம் கேட்காத அறை தருவார்களா என்று கேட்டிருந்தேன். இரண்டுக்கும் சரி என்று பதில் வந்தது. சாவிக்கு 50 ரிங்கிட் ரொக்கமாக டெபாசிட் வாங்கினார்கள்; கிளம்பும்போது திருப்பித் தந்தார்கள். லிஃப்ட்டில் துரியான் பழம் கொண்டுவரத் தடை என்று படம் போட்டு ஒட்டியிருந்தது. பாத்ரூமில் ஹெல்த் ஃபாசெட் இருந்தது. எந்த ஆப்பும் இதைச் சொல்வதில்லை. என் மனைவியின் கணக்கில் அதற்கே தனி நட்சத்திரம்.

ப்ளஸ்: இலவச ரத்து, புதிய விமர்சனங்கள், ஒரே இடத்தில் நூறு விடுதிகள்.

மைனஸ்: கடைசிவரை ஏறும் விலை, காக்கைத் தூரம், ஜன்னலுக்குப் பொத்தான் இல்லாதது, போலி அவசரம்.

தீர்ப்பு: தேடுவதற்கு ஐந்துக்கு நான்கு. முடிவெடுப்பதற்கு ஐந்துக்கு இரண்டு. ஆப் சல்லடை மாதிரி, சலித்துத் தரும். அரிசியில் கல் பொறுக்குவது நம் வேலை. நிலையத்தை முதலில், தெருவை இரண்டாவது, அறையை மூன்றாவது, விலையைக் கடைசியில் பார்த்தால் 150 ரிங்கிட்டுக்குள் நிம்மதியாகத் தூங்கலாம்.

ஊர் திரும்பியதும் அனுபவத்தை எழுதச் சொல்லி ஆப் கேட்டது. எழுதினேன்: ‘ஆறாவது மாடி. ஜன்னல் உண்டு. பின்சந்துப் பக்கம் பார்க்கிறது, திறக்காது. காலையில் வெயில் வரும். நிலையத்துக்கு நடந்தே ஆறு நிமிடம். லிஃப்ட் மெதுவாக வரும்.’