சாவேஜ் 99-ஐ யாராவது விற்பார்களா?

பென்சில்வேனியாவில் மான் சீசன் நெருங்கிவிட்டால் பெரிசுகள் கூடும் இடமெல்லாம் ஒரே புலம்பல்தான். அந்த சாவேஜ் 99 லீவர் துப்பாக்கியை மட்டும் கைவிடாமல் இருந்திருக்கலாமே! நிலத்தை விற்றவர்கள்கூட இப்படி அங்கலாய்த்து நான் கேட்டதில்லை. புதிதாக வந்த போல்ட் ஆக்‌ஷன் ரைபிளின் மினுமினுப்பில் மயங்கி மாற்றிக்கொண்டவர், பிள்ளையின் கல்லூரிக் கட்டணத்துக்காகக் கொடுத்தவர், ஸ்கோப் மாட்டத் துளை இல்லையே என்று தள்ளிவிட்டவர் என்று ஆளுக்கொரு காரணம் வைத்திருக்கிறார்கள்.

என்னிடம் ஒன்று இருக்கிறது. ஐம்பதுகளில் செய்தது, .300 சாவேஜ் தோட்டா போடுவது. பக்கத்துத் தெருப் பெரியவர் ஒருவரிடம் வாங்கினேன். நவம்பர் பிறந்தால் அவரிடமிருந்து போன் வந்துவிடும். குசலம் விசாரிப்பார், முட்டிவலி பற்றிச் சொல்வார், கடைசியில் மெதுவாக, "அதைத் திருப்பிக் கொடுக்கிற எண்ணம் ஏதாவது உண்டா?" என்பார். மாட்டேன் சார், மாட்டவே மாட்டேன்.

அப்படி என்ன இருக்கிறது அதில்? முதலில், அது தோட்டாக்களை வைத்திருக்கும் விதம். லீவர் துப்பாக்கி என்றதும் கௌபாய் படத்து வின்செஸ்டர்தான் நமக்கு நினைவுக்கு வரும். அதில் குழலுக்கு அடியில் இன்னொரு குழாய். தோட்டாக்கள் அதற்குள் ஒன்றன்பின் ஒன்றாகப் படுத்திருக்கும். கூர்முனைக் குண்டு போட்டால் பின்னால் இருப்பதன் மூக்கு முன்னால் இருப்பதன் அடிப்பாகத்தில், சரியாக அந்த வெடிமூடியின் மேல் முட்டிக்கொண்டு நிற்கும். சுடும்போது உதைக்கிற உதையில் குத்திவிட்டால் கையிலேயே வெடிக்கும். அதனால்தான் அந்தத் துப்பாக்கிகளுக்கு மொண்ணை மூக்குக் குண்டு. மொண்ணை மூக்கு காற்றோடு மல்லுக்கட்டி வெகு சீக்கிரம் வேகம் இழந்துவிடும்.

99-ஐ வடிவமைத்த ஆர்தர் சாவேஜ் இந்தச் சிக்கலை அடியோடு ஒழித்தார். வயிற்றுப் பகுதியில் சுழலும் பித்தளை உருளை ஒன்று. அதில் ஐந்து பள்ளங்கள், தோட்டாவுக்கு ஒன்றாக. எதுவும் எதையும் முட்டாது. கூர்முனைக் குண்டு தாராளமாகப் போடலாம். வெளியே நீட்டிக்கொண்டிருக்கும் சுத்தியலும் கிடையாது, எல்லாம் உள்ளே. இந்தத் துப்பாக்கி எப்போது வந்தது என்கிறீர்கள்? பெயரிலேயே இருக்கிறதே, 1899!

ஆர்தர் சாவேஜின் கதையே ஒரு நாவலுக்குத் தேறும். ஜமைக்காவில் பிறந்து, ஆஸ்திரேலியாவில் மாட்டுப் பண்ணையைக் கட்டி மேய்த்து, நியூயார்க் மாநிலத்து யூட்டிகாவில் துப்பாக்கிக் கம்பெனி தொடங்கி, பிறகு அதையும் விட்டுவிட்டு கலிஃபோர்னியாவில் டயர் செய்யப் போனவர். அவர் போன பிறகும் கம்பெனி சும்மா இருக்கவில்லை. சார்லஸ் நியூட்டன் வடிவமைத்த .250-3000 தோட்டாவை 1915-இல் கொண்டுவந்தது. குண்டு நொடிக்கு 3000 அடி வேகம். கடையில் வாங்கக்கூடிய தோட்டாவில் அந்த வேகம் அதற்குமுன் இல்லை. 1920-இல் என்னுடைய .300 வந்தது. இன்று உலகமே சுடும் .308-ஐ உருவாக்கியபோது சோதனையைத் தொடங்கியது இந்த .300 சாவேஜின் கூட்டிலிருந்துதான். பெருமை எனக்கில்லை, இருந்தாலும் சொல்லிக்கொள்கிறேன்.

என் துப்பாக்கியின் இடது பக்கத்தில், இரும்பு உடலில் ஒரு குட்டி ஜன்னல் இருக்கிறது. சுண்டுவிரல் நகத்தில் பாதிகூட இருக்காது. உள்ளே தெரியும் எண், இன்னும் எத்தனை தோட்டா பாக்கி என்று சொல்லும். லீவரை இழுத்து மூடினால் எண் ஒன்று குறையும். வேலை இருக்கிறதோ இல்லையோ, அதைப் பார்த்துக்கொண்டே இருக்கலாம். லீவரைத் திருப்பிப் பார்த்தால் சின்ன நீள்வட்டத்துக்குள் ஒற்றை எழுத்து. எந்த ஆண்டில் செய்தது என்பதற்கான அடையாளம். குழலில் சிக்கோப்பி ஃபால்ஸ் என்று ஊர்ப்பெயர். கட்டையில் அந்தப் பெரியவரின் கைபட்டு வழுவழுப்பான இடம் அப்படியே இருக்கிறது.

நான் இடதுகைக்காரன். போல்ட் ஆக்‌ஷனில் கைப்பிடி வலப்பக்கம். ஒவ்வொரு முறையும் துப்பாக்கியை இறக்கி, மேலே கை போட்டு, அது ஒரு சர்க்கஸ். லீவருக்கு இடம் வலம் என்ற பேதமே இல்லை. இந்த மாநிலத்தில் மான் வேட்டைக்குத் தானாகவே தோட்டா ஏற்றிக்கொள்ளும் ரைபிள் கூடாது. எதுவானாலும் கையால் ஏற்ற வேண்டும். லாரல் புதர் மண்டிய காட்டில் வெள்ளைவால் மான் எண்பது கஜத்துக்குள்தான் எழும், இரண்டு பாய்ச்சலில் மறைந்தும் விடும். கன்னத்தைக் கட்டையிலிருந்து எடுக்காமலே லீவரை ஒரு வீசு வீசி அடுத்த தோட்டாவோடு தயாராக நிற்கும் சுகத்தைச் சொல்லிப் புரியவைக்க முடியாது. எடை ஏழு பவுண்டுக்கு அக்கம்பக்கம்தான். உருளை நடுவில் இருப்பதால் பாரமெல்லாம் இரண்டு கைக்கும் இடையில் வந்து உட்கார்ந்துகொள்கிறது. நாள் முழுக்க மலை ஏறி இறங்கினாலும் தோள் முனகாது.

1964-க்கு முந்திய வின்செஸ்டர் மாடல் 70-ஐ விற்றுவிட்டு வருந்துகிறவர்களும் இருக்கிறார்கள். அந்தத் துக்கம் நியாயமானதுதான். ஆனால் பழைய 70-இன் முக்கிய அம்சங்களை அந்தக் கம்பெனியே பின்னால் திரும்பக் கொண்டுவந்தது. பணம் இருந்தால் ஆறுதலுக்குப் புதிதாக ஒன்று வாங்கலாம். 99-க்கு அந்த வழியும் அடைத்துவிட்டது. இரும்பைக் குடைந்து, பாகத்துக்குப் பாகம் இழைத்துப் பொருத்துகிற வேலை. போல்ட் ஆக்‌ஷன் விலைக்குக் கட்டுப்படியாகுமா? அறுபதுகளில் உருளையை எடுத்துவிட்டுக் கழற்றி மாட்டும் பெட்டி வைத்து ஒரு வகை வந்தது. எனக்கு அது 99-இல் சேர்த்தியே இல்லை. தொண்ணூறுகளின் இறுதியில் மொத்தமாகவே நிறுத்திவிட்டார்கள். பத்து லட்சத்துக்கும் மேல் செய்திருக்கிறார்கள், ஆனாலும் நல்லது ஒன்று கடைக்கு வந்தால் நிற்பதில்லை.

கண்ணில் பட்டால் பின்கட்டை இரும்போடு சேரும் இடத்தை முதலில் பாருங்கள், மயிரிழை விரிசல் அங்கேதான் விடும். ஸ்கோப்புக்காக யாராவது பின்னால் துளை போட்டிருந்தால் விலையைக் குறைத்துக் கேளுங்கள். பழைய .250-3000 எங்காவது கிடைத்து, உங்களுக்கு வேண்டாம் என்று தோன்றினால் உடனே எனக்குச் சொல்லுங்கள். பெரியவர் காதுக்கு மட்டும் போக வேண்டாம்.